வசனத்துக்கு ஒரு ஸ்பீக்கர்

போன செமஸ்டரில் எங்கள் ஃபெகல்டியில் ஒரு படம் போட்டோம். பெரிய விழா ஒன்றும் இல்லை. ஒரு விரிவுரை மண்டபம், ஒரு புரொஜெக்டர், என்னுடைய லப்டொப், கூட்டங்களுக்குப் பாவிக்கிற இரண்டு பெரிய ஸ்பீக்கர். நாற்பது பேர் மட்டில் வந்திருந்தார்கள். படம் தொடங்கியது. மழைச் சத்தம் அருமையாகக் கேட்டது. பின்னணி இசையும் கேட்டது. ஒரு பெண் கதவைத் திறந்து வந்து நின்று வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. எதிரே நின்றவனும் வாயை அசைத்தான். அதற்கும் சத்தம் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

எட்டு நிமிஷம் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் நாங்கள் கலைப்பீடம். இது இயக்குநரின் உத்தி என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்தோம். "மௌனத்தை எப்பிடிப் பாவிச்சிருக்கிறான் பார்" என்று பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குள் சொன்னாள். நானும் அந்தப் படத்தை முதல் பார்த்திருக்கவில்லை. தலையாட்டினேன். பிறகு ஒருவன் ரெலிபோனை எடுத்து இரண்டு நிமிஷம் மௌனமாகவே கதைத்துவிட்டு வைத்தபோதுதான் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மண்டபத்தில் சவுண்ட் பார்க்கிற அண்ணை வந்தார். மிக்சரில் குத்தியிருந்த என் வயரின் பிளக்கை அரைவாசி வெளியே இழுத்தார். வசனம் வந்துவிட்டது. கையை விட்டால் பிளக் சரிந்து வசனமும் போய்விடும். படம் முடியும்வரை இரண்டாம் வருஷப் பெடியன் ஒருத்தன் அந்த வயரைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்தான். அவனுக்கு இன்றைக்கும் அந்தப் படத்தின் கதை தெரியாது.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். லப்டொப்பின் ஹெட்போன் துளையிலிருந்து இடம், வலம் என்று இரண்டு சத்தம் வருகிறது. படத்தில் வசனம் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். அதனால்தான் அது திரைக்கு நடுவில் இருந்து வருவதுபோல எங்களுக்குக் கேட்கிறது. மிக்சரின் மைக் வாய் வேறு வகை. அது வருகிற இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். நீளமான மைக் வயரில் ஏறுகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும், கழித்தால் காணாமல் போய்விடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நாங்கள் ஸ்டீரியோ வயரை அதில் கொண்டுபோய்க் குத்தினோம். மிக்சர் வசனத்தை இரைச்சல் என்று நினைத்துக் கழித்துவிட்டது.

அன்றைக்கு எல்லாரும் இதைப் பகிடியாக எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் ஒன்று உறைத்தது. இரண்டு ஸ்பீக்கர் சத்தத்தில் வசனத்துக்கு என்று சொந்த இடம் ஒன்று இல்லை. அது இடத்திலும் வலத்திலும் வாடகைக்கு இருக்கிறது. ஆனால் படத்தைச் செய்தவர்கள் அதற்குச் சொந்த இடம் ஒன்று கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் லப்டொப்பில் இருந்து வெளியே வருகிற வழியில்தான் அது பறிபோகிறது. அந்த இடத்தை எப்படி மீட்பது என்று லப்டொப்பில் படம் பார்க்கிற நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கொழுத்த ஸ்பீக்கர் வைத்துக் குண்டுச் சத்தம் கேட்கிறவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்க வேண்டாம். ஏன் என்று சொல்ல என்னுடைய வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. தொண்ணூறுகளில் பக்கத்து வளவில் விழுந்த ஷெல். அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. வீட்டில் படம் ஓடும்போது மட்டும் அது தெரியும். "என்னவாம்?" என்று கேட்பார். அம்மா சொல்லுவா. அம்மா சொல்லி முடிக்க அடுத்த வசனம் போயிருக்கும். "இப்ப என்னவாம்?" கொஞ்ச நேரத்தில் கேட்பதை விட்டுவிடுவார். பிறகு எழும்பி வெளி விறாந்தையில் போய் இருப்பார். "உந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கிறேல்லை பிள்ளை, நீங்கள் பாருங்கோ." நாங்கள் அதைப் பல வருஷமாக நம்பினோம்.

சத்தத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டினோம். வசனத்தோடு சேர்ந்து மேளமும் வெடியும் கூடும். சண்டைக் காட்சிக்குப் பக்கத்து வீட்டு நாய் குலைக்கும், அம்மா ரிமோட்டைத் தேடி ஓடுவா. சப்டைட்டில் போடலாமே என்றால், தமிழ்ப் படங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இங்கிலீஷ் சப்டைட்டில். தமிழ் தெரியாதவர் தமிழ்ப் படம் பார்க்க வழி இருக்கிறது. காது கேட்காத தமிழருக்குத் தமிழ்ப் படம் பார்க்க வழி இல்லை. இது தனியே ஒரு கட்டுரைக்கான கோபம், இப்போதைக்கு விடுகிறேன்.

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஹோம் தியேட்டர் செட் கிடந்தது. ஜேர்மனியில் இருந்து சித்தப்பா கப்பலில் போட்ட பெட்டியில் வந்தது. ஒரு ரிசீவர், ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய பாஸ் பெட்டி. வந்த புதிதில் டிவிடி பிளேயரில் போட்டுக் கேட்டோம். டிவிடி பிளேயர் செத்ததோடு அதுவும் ஒரு பழைய சாரத்தால் மூடப்பட்டு உறங்கிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி எத்தனை வீட்டில் உறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பெட்டியில் வந்த சாமானைத் தூக்கி எறியவும் மனம் வராது, பாவிக்கவும் தெரியாது.

அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக வரிசை வரிசையாய்த் துளைகள், ஒரு செம்மஞ்சள் துளை, ஓரத்தில் சின்னக் கதவு வைத்த இரண்டு சதுரத் துளை. எச்டிஎம்ஐ கிடையாது. அதைவிடப் பழசு.

முதலில் எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். ஹெட்போன் துளையில் இருந்து சிவப்பு வெள்ளை வயர். சத்தம் வந்தது. கூடவே "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சலும் வந்தது. லப்டொப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் போகும், ஆனால் என்னுடைய பற்றரி ஒரு பாட்டுக்கும் தாங்காது. எங்கள் வீட்டில் உருண்டை முள் பிளக்கும் இருக்கிறது, சதுர முள் பிளக்கும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் அடப்டர்களின் ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கிறது. எர்த் எங்கே போகிறது என்று கடவுளுக்கும் வெளிச்சமில்லை. இரண்டு சாமான்கள் வெவ்வேறு வழியில் எர்த் ஆகி, நடுவில் ஒரு ஒலி வயராலும் இணைந்திருந்தால் இந்த இரைச்சல் வரும்.

இரைச்சலை விடுங்கள். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. அவருடைய கேள்வி மாறவில்லை. "என்னவாம்?" ஐந்து ஸ்பீக்கரும் வேலை செய்தன, ஆனால் ரிசீவருக்குப் போனது இரண்டு சத்தம்தான். அதை வைத்து அது ஊகித்து ஐந்தாகப் பிரிக்கிறது. நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம். வசனத்தோடு பாட்டும் பாதி நடு ஸ்பீக்கருக்குள் வந்து குந்திவிடும்.

அந்தச் சின்னக் கதவு வைத்த சதுரத் துளைதான் விஷயம். டொஸ்லிங்க் என்பது அதன் பெயர். தோஷிபா 1983 இல் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. அதற்குள் மின்சாரம் போவதில்லை, சிவப்பு வெளிச்சம் போகிறது. வெளிச்சம் அணைந்து எரிவதுதான் பூச்சியமும் ஒன்றும். வயர் பிளாஸ்டிக் இழை. ஆகவே இரண்டு சாமான்களுக்கும் இடையில் மின்தொடர்பே இல்லை, "ங்ங்ங்" அங்கேயே செத்துவிடும். அதில் ஓடுகிற மொழிக்கு எஸ்பிடிஃப் என்று பெயர். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து செய்தது, அவர்களுடைய முதலெழுத்துகள்தான் முன்னால் நிற்கின்றன. அந்தப் பாதை ஒடுக்கம். சுருக்காத சத்தம் என்றால் இரண்டுதான் போகும். ஆனால் டொல்பி டிஜிட்டல், டிடிஎஸ் போல மூட்டை கட்டிச் சுருக்கிய சத்தம் என்றால் ஆறும் ஒரே மூட்டையாகப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் ரிசீவர் மூட்டையை அவிழ்த்துப் பங்கிடும். முன்னுக்கு இடம், வலம், நடு. பின்னுக்கு இரண்டு. குண்டுச் சத்தத்துக்கு ஒன்று. 5.1 என்று சொல்வது இதைத்தான். 1992 இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தோடு டொல்பி டிஜிட்டலும் அடுத்த வருஷம் ஜுராசிக் பார்க்கோடு டிடிஎஸ்ஸும் தியேட்டருக்கு வந்தன. பிறகு டிவிடியில் ஏறி வீட்டுக்கு வந்தன. நடு ஸ்பீக்கருக்கு வருவது பெரும்பாலும் வசனம். அதுதான் நான் முதலில் சொன்ன சொந்த இடம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் என்றால் குவாலிட்டி கூட என்று கடையிலும் சொல்லுவார்கள், கம்பஸிலும் சொல்லுவார்கள். பாட்டுக் கேட்கிறதுக்கு அது பெரிய வித்தியாசம் தராது. உங்கள் ஹெட்போன் துளை இரைச்சல் இல்லாமல் வேலை செய்தால் அதுவே போதும். டிஜிட்டல் வழி வேண்டியது ஒரே ஒரு காரணத்துக்கு: ஆறாகச் செய்ததை ஆறாகவே கொண்டுபோய்ச் சேர்க்க.

சரி, லப்டொப்பில் அந்தத் துளை எங்கே?

இருந்தது. ஒரு காலத்தில் சில விண்டோஸ் லப்டொப்களில் ஹெட்போன் துளைக்குப் பக்கத்தில் எஸ்பிடிஃப் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். மெக்புக் புரோவில் 2015 மொடல்வரைக்கும் ஹெட்போன் துளைக்குள்ளேயே அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒளிந்திருந்தது. சின்னத் தலை வைத்த ஒப்டிகல் வயரைக் குத்தினால் வேலை செய்யும். வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2016 இல் புது மொடல் வந்தபோது வெளிச்சத்தைக் காணவில்லை. அதே வருஷம்தான் ஐபோன் 7 இல் ஹெட்போன் துளையே போனது. மெல்லிசாக்குகிறோம், யாரும் பாவிக்கிறதில்லை என்பார்கள். யாரும் பாவிக்கிறதில்லை என்பதற்கும் யாருக்கும் சொல்லவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. புதுச் சாமான் வாங்கிக்கொண்டே இருக்கக்கூடிய ஊர்களில் ஒரு துளை போனால் அடுத்ததை வாங்குவார்கள். மற்றவர்கள் வீட்டில் கழித்த சாமானில் வாழ்கிற எங்களுக்கு ஒரு துளை போவது என்பது ஒரு முழு செட் அலுமாரிக்குள் போவது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டியபோது புது ரீவி, புது சவுண்ட்பார் எல்லாம் எங்கள் பேச்சிலேயே இல்லாமல் போனது. பழசை ஓட வைக்கத் தெரிந்தவர்தான் அப்போது பணக்காரர்.

என்னுடைய லப்டொப்பில் இருப்பது எச்டிஎம்ஐ. அதுவும் டிஜிட்டல்தான், எட்டுச் சத்தம்வரை சுருக்காமலே கொண்டுபோகும். ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்திருந்தால் ஒரே வயரோடு கதை முடிந்திருக்கும், உங்களிடம் இருந்தால் மிச்சத்தை வாசிக்காமல் போய்ப் படம் பாருங்கள். எங்களிடம் இல்லை. ஆனால் ரீவியின் முதுகில் ஒப்டிகல் துளை இருந்தது. லப்டொப்பில் இருந்து ரீவிக்கு எச்டிஎம்ஐ, ரீவியில் இருந்து ரிசீவருக்கு ஒப்டிகல். கெட்டித்தனமாக யோசித்துவிட்டேன் என்று ஒரு மணித்தியாலம் சந்தோஷமாக இருந்தேன்.

ரிசீவரின் முகத்தில் இரண்டு ஸ்பீக்கர் படம்தான் எரிந்தது. எச்டிஎம்ஐ வயரைக் குத்தியதும் ரீவி தன்னைப் பற்றி ஒரு சின்ன அறிமுகக் கடிதத்தை லப்டொப்புக்கு அனுப்புகிறது. என் திரை இவ்வளவு பெரிசு, எனக்கு இன்ன இன்ன சத்தம் விளங்கும் என்று. ஈடிஐடி என்பார்கள். எங்கள் ரீவி, எனக்கு இரண்டு ஸ்பீக்கர்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டது. லப்டொப்பும் அதை நம்பி ஆறை இரண்டாகக் கலந்து அனுப்பியது. தனக்குப் பின்னால் ஆறு ஸ்பீக்கர் காத்திருப்பது ரீவிக்குத் தெரியாது. நிறைய வீடுகளில் ஒப்டிகல் வயர் போட்டும் "பெரிசா வித்தியாசம் இல்லையே" என்று சொல்வது இதனால்தான். எல்லா ரீவியும் இப்படி இல்லை, ஆனால் இப்படியானவை நிறைய.

கடைசியில் வேண்டியிருந்தது ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒரு பக்கம் லப்டொப்பின் எச்டிஎம்ஐ உள்ளே போகும். மறுபக்கம் ரீவிக்கு ஒரு எச்டிஎம்ஐயும் ரிசீவருக்கு ஒரு ஒப்டிகலும் வெளியே வரும். எச்டிஎம்ஐ ஓடியோ எக்ஸ்ட்ரக்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். அதை 5.1 இல் விட்டால் ரீவிக்குப் பதிலாக அந்தப் பெட்டியே அறிமுகக் கடிதத்தை எழுதும். சுவிட்ச் இல்லாத மலிவுப் பெட்டி ரீவியின் கடிதத்தையே பிரதி பண்ணி அனுப்பிவிடலாம், பிறகு காசும் போய் 5.1 உம் போய்விடும்.

வாங்கப் போன கதை கொஞ்சம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன், அவன் ஓஎல் படிக்கிறான், அவனுக்கு கிரிக்கெட் தவிர வேறொன்றும் தெரியாது. கேள்வி முழுக்க நான் கேட்டேன். கடைக்காரர் பதில் முழுக்கத் தம்பிக்குச் சொன்னார். "தம்பி, இதைக் கொண்டுபோய் இப்பிடிக் குத்த வேணும்." தம்பி ஒவ்வொரு முறையும் என்னைப் பார்ப்பான். பிறகு அவர் தங்கமுலாம் பூசிய ஒப்டிகல் வயர் ஒன்றை எடுத்துக் காட்டி, சத்தம் துல்லியமாக இருக்கும் என்றார். வெளிச்சம் போகிற வயருக்குத் தங்கம் எதுக்கு அண்ணை என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். சாதாரண வயரும் பெட்டியுமாக 5,000 ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். சத்தமே இல்லை. அரை மணித்தியாலம் எல்லா செட்டிங்ஸும் மாற்றினேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உதின்ர நுனியில என்னவோ மூடி கிடக்கு" என்றா. ஒப்டிகல் வயரின் இரண்டு தலையிலும் தூசு போகாமல் பொடி மூடி ஒன்று போட்டு வரும். ஒன்றைக் கழற்றியிருந்தேன், மற்றதைக் கழற்றவில்லை. பல்கலைக்கழகக் கல்வியின் பெருமையைப் பற்றி அன்றைக்கு வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

மூடி போனதும் சத்தம் வந்தது, ஆனால் இன்னும் இரண்டுதான். பெட்டியும் வயரும் சரியானால் மட்டும் போதாது. பிளேயர், மூட்டையைத் தானே அவிழ்க்காமல் கட்டினபடியே அனுப்ப வேண்டும். வீஎல்சியில் பிரிஃபரன்ஸுக்குள் ஓடியோ பகுதியில் பாஸ்த்ரூ என்று ஒன்று இருக்கிறது. அதை ஏசி3, டிடிஎஸ் மட்டும் என்று மாற்றுங்கள். பிளேயரே அவிழ்த்து ஆறு சத்தத்தையும் சுருக்காமல் அனுப்பினால் எச்டிஎம்ஐ தாங்கும், ஒப்டிகல் தாங்காது. ஒப்டிகலுக்கு மூட்டையாகத்தான் போக வேண்டும். சரியாக வேலை செய்தால் வீஎல்சியின் சத்தக் கோடு வேலை செய்யாமல் போய்விடும். பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதுதான் அடையாளம். இனிச் சத்தம் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவரின் ரிமோட்டில்.

படத்தை நிறுத்தித் திருப்பி ஓடவிட்டேன். ரிசீவருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். பல வருஷமாக எரியாத டொல்பி டிஜிட்டல் எழுத்து எரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் காரணம். ரிசீவரின் ரிமோட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே அளவு வைக்கலாம். நடு ஸ்பீக்கரை மட்டும் 4 டெசிபல் கூட்டினேன். மேளம் அப்படியே இருந்தது. மழை அப்படியே இருந்தது. வசனம் மட்டும் முன்னுக்கு வந்தது. இரவுக்கு என்று இன்னொரு செட்டிங்கும் இருக்கிறது, பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும். அதையும் போட்டேன். நடு ஸ்பீக்கரை ரீவியின் கீழே இருந்து எடுத்து, அப்பாவின் வலது காதுப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஹோம் தியேட்டர் புத்தகத்தில் அப்படி வைக்கச் சொல்லியிருக்காது. புத்தகம் எழுதினவருக்கு இரண்டு காதும் கேட்டிருக்கும்.

அப்பா விறாந்தையில் இருந்து எழும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். பதினைந்து நிமிஷம் நின்றிருப்பார். "என்னவாம்?" வரவில்லை. பிறகு வந்து கதிரையில் இருந்தார். இடைவேளைக்குக் கிட்ட அவர் சிரித்த ஒரு இடத்தில் நாங்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அந்த வசனம் பிடிபடவில்லை. அம்மா அவரைப் பார்த்து "என்னவாம்?" என்று கேட்டா.

இதில் எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். பென்ட்ரைவில் கைமாறி வருகிற படங்களில் பாதிக்கு மேல் ஏஏசி சத்தம். 5.1 என்று பெயரில் இருக்கும், ஆனால் ஏஏசி மூட்டையைப் பழைய ரிசீவருக்கு அவிழ்க்கத் தெரியாது. அதற்குக் கோடி என்ற இலவச பிளேயர் உதவும் (நூறு லட்சம் கோடி இல்லை). சேனல் எண்ணிக்கையை 2.0 இல் விட்டுப் பாஸ்த்ரூவைத் திறந்தால், டொல்பி டிஜிட்டலுக்கு மாற்றி அனுப்புகிற தெரிவு ஒன்று வரும். ஏஏசியை அந்த இடத்திலேயே அவிழ்த்துத் திருப்பி ஏசி3 மூட்டையாகக் கட்டும். கொஞ்சம் தரம் குறையும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. யூடியூப் பெரும்பாலும் ஸ்டீரியோதான், அதில் மினக்கெட வேண்டாம். பிரவுசரில் காசு கட்டிப் பார்க்கிற படங்களுக்கும் அநேகமாக இரண்டுதான் வரும். ஒழுங்காகக் காசு கட்டுகிறவனுக்கு இரண்டு ஸ்பீக்கர், பென்ட்ரைவ் காரனுக்கு ஆறு. இதை நியாயம் என்று யாராவது விளங்கப்படுத்தினால் கேட்டுக்கொள்ளத் தயார்.

ஹொஸ்டலில் என்னோடு இருப்பவள் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே வசனத்தில் முடித்தாள். "அப்பாவுக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் குடுத்திருக்கலாமே." பிழையான யோசனை இல்லை. காசும் குறைவு, வயரும் இல்லை. ஆனால் ஹெட்போன் போட்டால் அப்பாவுக்குப் படம் கேட்கும், நாங்கள் கேட்கமாட்டோம். அவர் தனியே விறாந்தையில் இருந்ததற்கும் எங்கள் நடுவில் காதை மூடிக்கொண்டு இருப்பதற்கும் தூரம் அவ்வளவு இல்லை. எங்கள் வயதில் எல்லாரும் காதுக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டு ஒரே அறையில் ஆளுக்கொரு படம் பார்க்கிறோம், அதனால் அது இயல்பாகத் தெரிகிறது. ஒரு வீடே ஒரு படத்தைக் கேட்பது என்பது வேறு. இடையில் அப்பா "உவன் பொய் சொல்லுறான்" என்று சொல்ல வேண்டும், அம்மா "பேசாமல் பாருங்கோ" என்று சொல்ல வேண்டும்.

இன்னொருத்தன் சவுண்ட்பார் வாங்கு என்றான். மலிவான சவுண்ட்பார் பல வெறும் இரண்டு ஸ்பீக்கரை ஒரு நீளப் பெட்டிக்குள் போட்டது. நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நடு இருந்தால் நல்லது, 3.1 என்று போட்டிருப்பார்கள். தவணையில் வாங்குவதற்கு முன்னம் உங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டை ஒருக்கா திறந்து பாருங்கள், அவ்வளவுதான்.

திரும்பவும் எங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். கம்பஸ்களிலும் ஊர் நூலகங்களிலும் நாங்கள் படம் போடும்போது ஒரு கிழமை சுவரொட்டி கீறுகிறோம், படம் முடிந்து ஒரு மணித்தியாலம் அரசியல் கதைக்கிறோம், புரொஜெக்டருக்கு நாலு இடத்தில் கேட்டு அலைகிறோம். சத்தத்துக்குப் படம் தொடங்க ஐந்து நிமிஷத்துக்கு முதல் யாரோ ஒரு வயரைத் தேடுகிறார்கள். விளிம்புநிலை மனிதர்களின் குரல் பற்றிய படம் என்று சுவரொட்டியில் எழுதுகிறோம். பின்வரிசையில் இருக்கிறவருக்கு அந்தக் குரல் கேட்டதா என்று கேட்பதில்லை. எங்கள் திரையிடல்களுக்கு வயதானவர்கள் வருவது குறைவு என்று ஒருமுறை கூட்டத்தில் கவலைப்பட்டோம். அவர்களுக்கு இப்படியான படங்களில் ஆர்வம் இல்லை என்று முடிவுசெய்தோம். அப்பா "எனக்குப் பிடிக்கிறேல்லை" என்று சொன்னதை நாங்கள் நம்பின மாதிரித்தான்.

அடுத்த மாதம் திரும்பவும் ஒரு படம் போடுகிறோம். மண்டபத்து ஸ்பீக்கர் இரண்டும் அப்படியே இருக்கட்டும், திரைக்குக் கீழே வசனத்துக்கு என்று மூன்றாவதாக ஒன்றை வைக்கக் கேட்டிருக்கிறேன். ரிசீவரைப் பஸ்ஸில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும், 10 கிலோ வரும். அப்பா சாக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். வயர் பிடித்த அந்தப் பெடியனுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை சொல்லியாயிற்று.